ஐந்து மொட்டைகளும் ஒரு வரைபடமும்

பள்ளி பள்ளியாகப் போய், பிள்ளைகளின் மதிப்பெண்களைப் புரட்டி, கற்பித்தலைத் திருத்த உதவும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மடிக்கணினி கொடுத்திருப்பார்கள். வண்ண வண்ணமாக வரைபடம் போடும் செயலியும் கொடுத்திருப்பார்கள். தோட்டத்துத் திருவிழா நாள்களின் பட்டியலை மட்டும் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் கொடுக்கவில்லை. அதனால்தான் ஒருமுறை மாரியம்மன் கோயில் நாவிதரும் நானுமாகச் சேர்ந்து, வாசிக்கத் தெரியாத ஒரு பையனை வாசிக்க வைத்துவிட்டோம். தாளில்.

விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பொய். எனக்கு உட்காரத் தெரியாது. காலையில் மூன்று முறை வாசலுக்குப் போய்வருகிறேன். போகும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவுக்கு வருகிறான். சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

பாடாங் மேஹா பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் ஒரு சாலை. அதில் கார் ஓட்டுவது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது போல: மரம், மரம், மரம், குலை ஏற்றிய லாரி, மரம். வரி முடிகிற இடத்தில் முற்றுப்புள்ளியாய் ஒரு தமிழ்ப்பள்ளி. முழுப் பள்ளிக்கும் இருபத்தெட்டுப் பிள்ளைகள். மூன்றாம் ஆண்டில் ஆறு பேர்.

அந்த ஆறு பேருக்கு நான் வட்டக் குறிவரைவு போட்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. தலைமையாசிரியரின் மேசையில் விரித்து வைத்து, "முப்பத்து மூன்று விழுக்காட்டு மாணவர்கள் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறார்கள் சார்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு பேரு."

"ஆமாம் சார்."

"அதுல ஒருத்தன் லோகன், ஒருத்தி யாழினி. அதோ, கைகழுவுற எடத்துல தண்ணி பீச்சி வெளையாடிக்கிட்டு நிக்குதுங்க பாருங்க, அதான் ஒங்க முப்பத்து மூணு விழுக்காடு. கூப்பிடவா?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்தும்போனேன். மறந்தது முதல் தவறு.

மூன்றாம் ஆண்டின் வகுப்பாசிரியைக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஒப்பந்த ஆசிரியை. குருணில் பிறந்தவர், கூலிமில் அறை எடுத்துத் தங்கி மோட்டார் சைக்கிளில் வந்துபோவார். அவரிடம் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சின்ன நோட்டு உண்டு. ஒருநாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "லோகன்: எழுத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்துக் கதையை அவனே சொல்லிவிடுகிறான். தர்ஷன் பக்கத்தில் இருந்தால் தர்ஷனின் உதட்டைப் பார்க்கிறான்." பக்கம் பக்கமாக இப்படியே. வாசிக்க நன்றாக இருந்தது. இது அன்பு, தரவு அல்ல என்று எனக்குள் சொல்லிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அது இரண்டாவது.

அந்த இருவருக்காகக் குறைநீக்கல் ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். வாரத்தில் இரண்டு நாள் வேறொரு பள்ளியிலிருந்து வருவார். அவருக்கு இருந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளைத்தான் உட்கார வைக்க முடியும். எந்த இரண்டு என்பதை என் பட்டியல் சொல்லும். என் பட்டியலுக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தை ஒரு நோட்டில், பெயர்ப் பட்டியலின் ஓரத்தில், பென்சிலில், இப்படிக் குறித்து வைத்திருந்தேன் (லோகனின் முழுப்பெயர் லோகேந்திரன்):

லோகேந்திரன் – சுருட்டை. தர்ஷன் – நடுவகிடு. யாழினி – இரட்டைச் சடை. ஜெசிந்தா – குதிரைவால். மற்ற இரண்டு பையன்களுக்கும் ஏதோ ஒரு முடி.

மூன்று மாதம் கழித்து மறுசோதனை. ஒவ்வொரு பிள்ளையும் என் முன்னால் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். நான் ஒன்றிலிருந்து ஆறுவரை நிலை போடவேண்டும். வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்திருந்தது. எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி திறந்த இரண்டாம் பாடவேளையிலேயே போய் வகுப்புக் கதவைத் தள்ளினேன்.

உரித்து வைத்த ஐந்து தேங்காய்கள் சந்தனம் பூசிக்கொண்டு எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றன.

யாழினியும் மொட்டை. ஜெசிந்தா மட்டும் கத்தோலிக்கப் பெண். அவளுடைய குதிரைவால் அந்த வழுக்கைப் பாலையில் ஒற்றை ஈச்சமரமாய் ஆடிக்கொண்டிருந்தது. அன்று உடற்கல்வி வேறு. பெயர்ப்பட்டை இல்லாத விளையாட்டுச் சட்டை. வகுப்பாசிரியையாவது இருந்தாரா என்றால், பக்கத்து அறை ஆசிரியர் பயிற்சிக்குப் போனதால் அந்த வகுப்பையும் சேர்த்துப் பார்க்கப் போய்விட்டார்.

பெயரைக் கேட்டிருக்கலாம். இரண்டு வினாடி வேலை. ஆனால் மூன்று மாதமாக வந்துபோகிறவள், "பிள்ளைகள் ஒவ்வொருவரையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவள், ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் "நீ யார்?" என்று கேட்பதா? என்னிடம் இருக்கை வரைபடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, "முன்வரிசை, வா. அடுத்து. அடுத்து" என்று விரலால் கூப்பிட்டேன்.

வகுப்பில் ஒரே ஒரு மின்விசிறி. புது மொட்டையில் காற்றுப்படுவது எப்பேர்ப்பட்ட சுகம் என்பது மொட்டை போட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சுகத்தை ஆறு பேரும் நியாயமாகப் பங்கிட்டு, பாடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பட்டியலில் நிச்சயமாகச் சரியாக இருந்த ஒரே மதிப்பெண் ஜெசிந்தாவுடையது.

மாலையில் வரைபடம் போட்டேன். லோகன்: ஒன்றிலிருந்து ஐந்து. அம்பு செங்குத்தாக ஏறியது, மலையேறுகிற ஆடு மாதிரி. தர்ஷன்: ஐந்திலிருந்து ஒன்று. மற்றவர்களுக்குள் ஒரு நிலைக்குமேல் வித்தியாசம் இல்லை. மாறியிருந்தாலும் மாறாத மாதிரியே இருந்தார்கள். லோகனின் அம்பைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தேநீர் ஆறிப்போனது.

மறுநாள் வகுப்பாசிரியை தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், லோகன்தான் வாசிச்சானா? கண்டிப்பா?"

"தரவு சொல்லுதும்மா."

"சரி டீச்சர்" என்றார். எத்தனையோ வகையான சரிகளைக் கேட்டிருக்கிறேன். இந்தச் சரி, கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற சரி.

பட்டியல் மாறியது. லோகன் குறைநீக்கல் வகுப்பிலிருந்து வெளியே வந்தான். அவன் இடத்தில், அந்தப் பள்ளியிலேயே நன்றாக வாசிக்கும் தர்ஷன் போய் உட்கார்ந்தான். அங்கே எழுத்து அட்டைகளும் பிஸ்கட்டும் உண்டு. எதற்காகத் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் குறைநீக்கல் ஆசிரியர் எனக்குத் தொலைபேசியில் கூவினார்: "டீச்சர், இந்தப் பையன் பயங்கர வேகமா முன்னேறுறான் லா! நான் இப்படிப் பாத்ததே இல்ல!"

நான் அதையும் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டேன். இரண்டாவது ஆடு.

இதற்கிடையில் தோட்டத்தில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. லோகனின் அம்மா அந்த மொட்டையைச் சும்மா போடவில்லை. மகனுக்கு வாசிப்பு வரவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு போட்டது. வெள்ளிக்கிழமை மொட்டை, ஞாயிற்றுக்கிழமை நிலை ஐந்து. அம்மன் விடுமுறை நாளில்கூட வேலை பார்த்திருக்கிறாள்! அடுத்த வாரமே இரண்டாம் ஆண்டில் புதிதாக இரண்டு மொட்டைகள் வந்து உட்கார்ந்தன. ஒரு தகப்பனார் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "டீச்சர், கணக்குக்கும் இதே கோயில்தானா, இல்ல வேற சாமியா?" என்று கேட்டார். எங்கள் துறையில் எத்தனையோ திட்டங்கள் வந்துபோயின. இவ்வளவு வேகமாகப் பரவியது இது ஒன்றுதான்.

என் மேலதிகாரியான மலாய்க்கார அம்மையாரை நாங்கள் புவான் என்றே அழைப்போம். கூர்மையானவர், சிரித்த முகம். என் வரைபடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வியாழக்கிழமை டவுன் மண்டபத்தில் மாவட்டத்துத் தலைமையாசிரியர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். நீ பேசு, அந்தப் பையனையும் அழைத்து வா, மேடையில் ஒரு பக்கம் வாசிக்கட்டும் என்றார்.

பள்ளியில் கொண்டாட்டம். லோகனின் அம்மாவைக் கூப்பிட்டு அம்பைக் காட்டினேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு நல்ல செய்தி என்பது மூச்சுக்காற்று. பெற்றோர் சங்கத் தலைவர் வேன் பிடித்தார். தலைமையாசிரியர் பதாகை அடித்தார்: "வாசிப்பில் சாதனை." பக்கத்தில் லோகனின் படம், ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்தது, தலை நிறையச் சுருட்டை.

புதன்கிழமை பகல், ஒத்திகை பார்க்கப் போனேன். மொட்டைகளில் முள் முளைத்திருந்தது. முன்வரிசையில் என் சாதனையாளனைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, "லோகேந்திரன், எழுந்து வாசி கண்ணா" என்றேன்.

முன்வரிசை அசையவில்லை. பின்வரிசையில் வேறொரு தலை எழுந்தது.

இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு வினாடி வரும். விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும்.

எழுந்தவன் புத்தகத்தைப் பிடித்தான். படத்தைப் பார்த்தான். படத்தில் ஆறும் யானையும் இருந்தன. "ஒரு ஊர்ல ஒரு யான இருந்துச்சு. அது ஆத்துல குளிக்கப் போச்சு" என்று கணீரென்று ஆரம்பித்தான். அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்த கதை மழையைப் பற்றியது.

"அப்ப... அன்னைக்கு என்கிட்ட வாசிச்சது?" என்றேன், முன்வரிசையைப் பார்த்து.

"நான்தான் டீச்சர். தர்ஷன்" என்றது முன்வரிசை. "நல்லா வாசிச்சேன்ல?"

ஐந்து நிமிடத்தில் தலைமையாசிரியரின் அறையில் நாங்கள் மூவர். அவர், வகுப்பாசிரியை, நான். வாசல் படியில் அந்த இரண்டு பையன்கள். விஷயத்தைக் கேட்ட தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பதாகையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"டீச்சர், ரெண்டும் போத்தாக், மொட்டத் தல. ஒரே உயரம். ஒரே நெறம். நாளைக்குத் தர்ஷன லோகன்னு கூட்டிட்டுப் போயிருவோம். யாருக்குத் தெரியப் போவுது? சாமியே தச்சிக் குடுத்த யூனிஃபார்ம் லா இது!"

வாசல் படியிலிருந்து தர்ஷன் கேட்டான்: "சார், நான் லோகனா போனா, லோகன் யாரு சார்?"

"நீ சும்மா இருடா."

லோகன் கேட்டான்: "நான் வேன்ல வரலாமா சார்?"

நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசை. மறுக்கவில்லை. யோசித்தேன். மேடை, கைதட்டல், புவானின் முகம், என் ஓய்வுக்கு முன்னால் ஒரு நல்ல பெயர். ஒரு மொட்டைத் தலைக்குப் பதிலாக இன்னொரு மொட்டைத் தலை. எவ்வளவு சின்னப் பொய்! கையடக்கமாக, வழவழவென்று, சந்தன வாசனையோடு இருந்தது.

வகுப்பாசிரியைதான் பேசினார்.

"சார், நாளைக்குத் தப்பிச்சிருவோம். அதுக்கப்புறம்? பேப்பர்ல லோகன் படிச்சிட்டான். படிச்ச புள்ளைக்கு எதுக்குக் குறைநீக்கல்னு கேப்பாங்க. நாலாம் வருசம், அஞ்சாம் வருசம், இப்படியே யானக் கத சொல்லிக்கிட்டே போயிருவான் சார்." என் பக்கம் திரும்பினார். "என்கிட்ட வாசிக்க மாட்டேங்கிறான், ஒங்ககிட்ட வாசிச்சிருக்கான். அப்ப எனக்குத்தான் சொல்லிக் குடுக்கத் தெரியலன்னு ரெண்டு வாரமா என்னயே திட்டிக்கிட்டு இருந்தேன் டீச்சர்."

யானை என்னை மிதித்தது போலிருந்தது. "வேன் வரட்டும் சார்," என்றேன். "பேசுறத நான் மாத்திக்கிறேன்."

அன்று சாயங்காலமே லோகனின் வீட்டுக்குப் போனேன். மேடையில் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் சொல்லவேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து, சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரு காலணிப் பெட்டி.

"வாங்க டீச்சர், உக்காருங்க. சப்பாத்தப் பாருங்க, நாளைக்கு மேடைக்கு. ஒரு சைஸ் பெருசாவே எடுத்தேன். நாளைக்கு எனக்கும் லீவு."

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. மொட்டை, விசிறி, நான் பெயர் கேட்காதது. அவர் பெட்டியை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"அப்ப மாரியம்மா செய்யலையா?"

"அம்மா மேல தப்பில்லம்மா. நான்தான்."

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "அவன் படிக்கலன்னு எனக்குத் தெரியும். வீட்டுல மீலோ டின்ன நீட்டி, இதப் படிடான்னேன். 'மீலோ'ன்னான். தெரியாமயா இருக்கும், டின்னு பச்சயால்ல இருக்கு. கீழ உள்ளத படின்னேன், வெளையாடப் போறேன்னு ஓடிட்டான். ஆனா நீங்க படம் போட்டுக் காட்டுனீங்க. அம்புக்குறி எல்லாம் இருந்துச்சு. அதான், எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நெனச்சிக்கிட்டேன்."

தம்பிகளே, தங்கைகளே, என் முப்பது ஆண்டு வேலையில் எனக்குக் கிடைத்த கடுமையான மதிப்பீட்டு அறிக்கை அதுதான். பெற்றவளுக்குத் தெரியும். கற்பிக்கிறவளுக்குத் தெரியும். இருவர் கண்ணையும் மறைத்தது என் அம்பு. வரைபடம் ஒன்றை யார்முன் விரித்தாலும், "நீங்கள் பார்த்ததும் இதுவும் ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

புறப்படும்போது அவர் வாசல்வரை வந்தார். "மேடயில அவன நிப்பாட்டாதீங்க டீச்சர். ஆனா சப்பாத்து வாங்கியாச்சு. வேன்ல வரட்டும்."

வியாழக்கிழமை மேடையேறி அந்த வரைபடத்தைத் திரையில் போட்டேன். "இந்த அம்பு பையன் ஏறியது அல்ல, நான் வழுக்கியது" என்று மலாயில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து தேங்காய்கள் எழுந்து நின்ற இடத்தில் மண்டபம் வெடித்துச் சிரித்தது. இடம் மாறிய கதையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்குக்கு எந்தச் சாமி என்ற இடத்தில் புவான் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்படியென்றால் அந்தப் பையன் எத்தனை குறைநீக்கல் பாடத்தை இழந்தான்?"

"நான்கு, புவான்."

அன்று காலையிலிருந்து அந்தத் திரையில் எத்தனையோ எண்கள் வந்துபோயிருந்தன. எல்லாரும் குறித்துக்கொண்டது அந்த நான்கைத்தான்.

அதன்பிறகு வகுப்பாசிரியையின் சின்ன நோட்டை, அவரிடம் கேட்டுப் படமெடுத்து வந்ததை, திரையில் போட்டேன். படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறான். தர்ஷனின் உதட்டைப் பார்க்கிறான். "இதுதான் இந்தப் பள்ளியின் சரியான தரவு. மூன்று மாதம் முன்பே என் கையில் இருந்தது" என்றேன். புவான் அதை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். இழந்த நான்கு பாடத்தையும் திருப்பிக் கொடு, அந்த ஆசிரியையை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வா என்றார். லோகன் கடைசி வரிசையில் புதுச் சப்பாத்தை ஆட்டிக்கொண்டு கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தான். ஏழு தின்றான் என்று திரும்பும் வழியில் வேனில் தர்ஷன் புகார் சொன்னான். தர்ஷனின் எண்ணிக்கையை நான் நம்பினேன். அவன் நேரில் பார்த்தவன்.

ஆண்டு முடிவில் கடைசிச் சோதனைக்குப் போனேன். எல்லாத் தலையிலும் முடி. லோகனின் சுருட்டை முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பியிருந்தது. என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"உன் பெயர் என்ன?" என்றேன்.

முகம் வாடிப்போனது. "என்னயத் தெரியலயா டீச்சர்?"

"தெரியும். இருந்தாலும் சொல்லு."

அவன் என் நோட்டை எட்டிப் பார்த்தான். விரலை வைத்தான். பெயர்ப் பட்டியலில் மேலிருந்து கீழே அந்த விரல் மெதுவாக இறங்கியது, வழுக்குப் பாறையில் கால் வைத்து இறங்குகிற மாதிரி. ஓரிடத்தில் நின்றது.

"லோ... கேந்... திரன்." நிமிர்ந்து பார்த்தான். "இதான் நான்."

விரல் நிற்கவில்லை. அதே வரியில் தொடர்ந்து, நான் அழிக்க மறந்த பென்சில் கிறுக்கலுக்குப் போனது. என் கையெழுத்தை நானே இரண்டு முறை பார்த்தால்தான் புரியும். அங்கே படமும் இல்லை, பக்கத்தில் தர்ஷனின் உதடும் இல்லை.

"சு... ருட்... சுருட்ட." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுருட்டையா டீச்சர்?"

நான் தலையாட்டினேன்.

அவன் என் பென்சிலை எடுத்து என் கையில் திணித்தான்.

"பக்கத்துல மொட்டன்னும் எழுதிக்கிங்க டீச்சர். அம்மா அடுத்த வருசமும் வேண்டிக்கிட்டு இருக்கு."